உப்புக் காற்றுப் பகுதியில் காவல் குடிலுக்கு ஏற்ற பக்க மறைப்பு

கதிர் பால் பிடிக்கும் நாள் முதல் அறுவடை முடியும் வரை வயலில் காவல் இருப்பது நம் உழவர்களுக்குப் புதிதன்று. தினைப்புனத்தில் இதணம் அமைத்துக் கிளி கடிந்ததைச் சங்கப் பாடல்கள் பலவும் கூறுகின்றன. இன்றும் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று பட்டங்களிலும் நெல் பயிராகும் திருவள்ளூர் மாவட்டத்தில், வயல்வரப்பில் ஒரு குடிலோ பரணோ இல்லாமல் பயிரை முழுமையாக வீடு கொண்டு வருவது கடினமாகவே உள்ளது. சில்லைக் குருவி, கிளி, மயில், காட்டுப் பன்றி, நீர்நிலை ஓரமாயின் நீலத் தாழைக்கோழி, இவற்றோடு நகரத்தை ஒட்டிய ஊர்களில் அவிழ்த்துவிட்ட மாடுகளும், இரவில் மோட்டார் கேபிளை அறுத்துச் செல்வோரும் உண்டு.

வடசென்னைத் துறைமுகத்தையும் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளையும் அடுத்து, கொசத்தலை ஆற்றின் இரு மருங்கிலும் மீஞ்சூர், பொன்னேரி வரை பரந்துள்ள வயல்களில் இக்குடில்களுக்குத் தனியான இடர்ப்பாடு ஒன்று உண்டு. உள்மாவட்டங்களில் பல ஆண்டுகள் நிற்கும் தகரச் சுவர் இங்கே விரைவில் சல்லடையாகி விடுகிறது. மறுபுறம், பழைய தகடு, பீப்பாய்த் தகரம், சரக்குப் பலகை, மீன் வலை என மலிவான பொருள்கள் இங்குக் கிடைப்பது போல் வேறெங்கும் கிடைப்பதில்லை. கைக்கு மலிவாகக் கிடைத்ததை நான்கு பக்கமும் அடித்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏற்ற பொருள் எது, அதை எதனால் பிணைப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மேலைநாடுகளில் இத்தகைய மறைவுக் குடில்கள் வேட்டைக்காகக் கட்டப்படுகின்றன. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது குற்றம். மயில் நமது தேசியப் பறவை. மேலும் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. ஆகவே நாம் கட்டும் குடில் பார்ப்பதற்கும், கேட்பதற்கும், விரட்டுவதற்கும் மட்டுமே. குடிலைச் சுற்றி மின்கம்பி இழுத்து நேரடி மின்சாரம் பாய்ச்சுவதும் சட்டவிரோதம். அதில் பன்றி மாள்கிறதோ இல்லையோ, விடியற்காலையில் மடை திறக்க வரும் மனிதன் மாள்வதுண்டு.

தகரம் ஏன் இங்கு நிலைப்பதில்லை?

தகரத்தின் மேலுள்ள துத்தநாகப் பூச்சுதான் இரும்பைக் காக்கிறது. சந்தையில் கிடைக்கும் மெல்லிய தகடுகளில், ஒரு சதுர மீட்டருக்கு இரு முகங்களும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம் பூசியவை உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு முகத்தில் பூச்சின் கனம் 8 மைக்ரான் சுமாருக்குத்தான் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உப்புக் காற்றும் ஆலைப் புகையும் சேர்ந்த கடுமையான சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை கரையக்கூடும் என்று பன்னாட்டுத் தர அமைப்பின் வகைப்பாடு கூறுகிறது. அதாவது ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டில் பூச்சு தீர்ந்து இரும்பு வெளிப்பட்டுவிடும். 275 கிராம் பூச்சுள்ள தகட்டில் ஒரு முகத்துக்கு 19 மைக்ரான் இருப்பதால் அதே இடத்தில் இரண்டரை ஆண்டு முதல் நான்கைந்து ஆண்டு வரை எதிர்பார்க்கலாம். தகடு வாங்கும்போது கனத்தை மட்டும் கேட்காமல் பூச்சு எத்தனை கிராம் என்றும் கேட்க வேண்டும். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் அது குறைந்த பூச்சு என்றே கொள்ளலாம்.

ஆயினும் இந்தப் பகுதி முழுவதும் ஒன்றுபோல் அன்று. காற்றிலுள்ள உப்பு அலைக்கரையிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டரில்தான் மிக அதிகம். அதற்கப்பால் விரைவாகக் குறைந்துவிடுகிறது. காட்டுப்பள்ளி மணற்பகுதியில் ஆகாத தகடு பொன்னேரிக்கு மேற்கே நன்றாகவே உழைக்கும். கடலுக்கு அருகிலுள்ளோர் தகரத்தைக் கூடியவரை தவிர்ப்பதே நல்லது.

இங்குப் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. மழை நேராக அடிக்கும் சுவரைவிட, மழை படாத இறவாரத்தின் அடியும் சுவரின் உட்புறமும்தான் முதலில் துருவேறுகின்றன. மழைநீர் வெளிப்புறத்து உப்பைக் கழுவிவிடுகிறது. உட்புறத்தில் படிந்த உப்பும், நிலக்கரித் தூசியும், சாம்பலும் அப்படியே தங்கி இரவுப் பனியில் நனைந்து நனைந்து இரும்பைத் தின்கின்றன. எனவே மாதம் ஒருமுறை உட்புறத்தைத் தண்ணீர் தெளித்துக் கழுவுவது ஒரு கோட்டுப் பெயிண்டுக்குச் சமம். ஆனால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி இறைக்கப்பட்டதால் கடல்நீர் உட்புகுந்து பல கிணறுகள் உவர்ப்பாகிவிட்டன. அந்தக் கிணற்று நீரால் கழுவினால் உப்பை நாமே கொண்டுபோய்ப் பூசுவதாகும். ஏரி நீரையோ மழை நீரையோ பயன்படுத்த வேண்டும்.

கீற்றும் பனையோலையும்

உப்பு ஓலையை ஒன்றும் செய்வதில்லை. தென்னங்கீற்றும் பனையோலையும் கடற்கரை மரங்களின் உறுப்புகளே அல்லவா! இவற்றைக் கெடுப்பவை தேங்கும் ஈரம், கறையான், எலி, தீ ஆகியவை. தென்னங்கீற்று ஓராண்டு முதல் இரண்டாண்டும், பனையோலை அதைவிட அதிகமாகவும் உழைக்கும். ஓலைக்காகப் பனையின் மட்டைகளை அளவோடு கழிக்கலாம். ஆனால் கால் நடுவதற்காகப் பனையையே வெட்ட எண்ணுவோர், அதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்ததை நினைவில் கொள்ள வேண்டும்.

காவலுக்கு ஓலை சிறந்தது என்பதற்கு உழைப்பைவிடப் பெரிய காரணம் காது. தகரச் சுவருக்குள் அமர்ந்திருப்பவனுக்குத் தூறல் விழுந்தாலே வெளியில் நடப்பது எதுவும் கேட்காது. பன்றி நிலக்கடலையைக் கிண்டும் ஓசையும், வரப்பில் ஆள் நடக்கும் ஓசையும் ஓலைச் சுவரில் தடையின்றி உள்ளே வரும். இரவுக் காவலில் கண்ணைவிடக் காதே முதலில் விழிக்கிறது. ஆகவே வயலைப் பார்த்த முன்பக்கம் எந்த ஊரிலானாலும் ஓலையாகவே இருக்கட்டும் என்பது என் கருத்து.

பழைய பொருள்களை வாங்கும்போது

இருநூறு லிட்டர் இரும்புப் பீப்பாயைப் பிரித்தால் ஏறத்தாழ 6 அடி நீளமும் 2 அடி 10 அங்குல அகலமும் உள்ள தகடு கிடைக்கும். சாதாரணக் கூரைத் தகரத்தைவிட இது கனமானது. நன்கு பெயிண்ட் அடித்தால் உப்புக் காற்றிலும் சில ஆண்டுகள் நிற்கும். மூன்று தகடுகளை நிமிர்த்தி, ஒன்றன் மேல் ஒன்று 3 அங்குலம் ஏறும்படி வைத்தால் 8 அடிப் பக்கம் சரியாக மூடிவிடும்.

ஆனால் அந்தப் பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் வாங்கக் கூடாது. பூச்சிமருந்தோ இரசாயனமோ இருந்த தகட்டின் மடிப்புகளில் எச்சம் தங்கியிருக்கும். அதில் சாய்ந்துகொண்டு ஒருவர் இரவெல்லாம் உறங்கப் போகிறார் என்பதை எண்ண வேண்டும். சமையல் எண்ணெய் வந்த பீப்பாய்களே ஏற்றவை. மூடிய பீப்பாயைக் கொண்டுவந்து வீட்டில் கேஸ் கட்டர் வைத்து வெட்டுவதும், கிரைண்டர் வைத்து அறுப்பதும் உயிருக்கே ஆபத்து. காலியாகத் தோன்றும் பீப்பாயில் தங்கியுள்ள ஆவி தீப்பொறி பட்டு வெடிக்கும். வெட்டித் தட்டி நிமிர்த்திய தகடாகவே பழைய இரும்புக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். சில ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது நஷ்டமாகாது.

துறைமுகத்திலிருந்து வெளிவரும் சரக்குப் பலகைகளை, அதாவது பேலட்டுகளை, உடைத்துச் சுவராக அடிப்போரும் உண்டு. பன்னாட்டுச் சரக்குடன் வரும் பலகையில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரையும், அருகில் எச்.டி. அல்லது எம்.பி. என்ற ஆங்கில எழுத்துகளும் பொறித்திருக்கும். முன்னது வெப்பத்தால் பூச்சி நீக்கியது. பின்னது மெத்தில் புரோமைடு வாயுவால் நீக்கியது. எம்.பி. முத்திரையைக் கண்டு அஞ்சுவோர் பலர். வாயு நாளடைவில் அகன்றுவிடும். அதைவிட அஞ்ச வேண்டியது பலகையில் ஊறிய கறை. எண்ணெய்ப் பசையோ, நெடியோ, நிறம் மாறிய திட்டோ இருந்தால் முத்திரை எதுவாயினும் ஒதுக்கிவிட வேண்டும். இப்பலகை பெரும்பாலும் மென்மரம் என்பதால் மண்ணில் பட்டால் கறையானுக்கு உடனே விருந்தாகும். தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்தியே அடிக்க வேண்டும்.

ஆலைக் கூரையிலிருந்து கழற்றிய பழைய கல்நார் சிமெண்ட் தகடுகளை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடையும்போதும் பறக்கும் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் உண்டாக்கவல்லது. விளம்பர பேனர்த் துணி தற்காலிக மழைத் தடுப்புக்கு உதவும், சுவராக நிற்காது.

மீன் வலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலோரக் குப்பங்களில் ஓலைக் கூரைமேல் பழைய வலையை விரித்து இழுத்துக் கட்டும் வழக்கத்தை நம் வயல் குடிலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். காசிமேட்டுத் துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் கழித்த வலை எளிதில் கிடைக்கும். ஓலைச் சுவரின்மேல் வலையை இறுக்கிக் கட்டினால் காற்று ஓலையை ஒவ்வொன்றாகப் பிய்க்க முடியாது. வலை தொளதொளவென்று தொங்கினால் குருவியும் சாரைப் பாம்பும் சிக்கி மடியும். எலியைப் பிடிக்கும் சாரை நம் நண்பன். ஆகவே வலையின் கீழ் விளிம்பைத் தரையிலிருந்து ஓரடிக்கு மேலேயே மடித்துக் கட்டிவிட வேண்டும். எண்ணெய் தோய்ந்த வலை கூடவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது படகுகளும் வலைகளும் எண்ணெய்ப் பூச்சாயின. அத்தகைய வலையை ஓலைமேல் போர்த்துவது திரி சுற்றி வைப்பதற்கு ஒப்பாகும்.

அமைக்கும் முறை

எட்டடிக்கு ஆறடியில், சுவர் உயரம் ஆறடியாக ஒரு குடில் இருவருக்குப் போதும். நான்கு மூலையிலும், நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்றுமாக ஆறு சவுக்குக் கால்கள் நட வேண்டும். கால் இரண்டரை அடி மண்ணுக்குள் இறங்கட்டும். புதையும் பகுதியைத் தீயில் கருக்கி, ஆறியபின் தார் பூசினால் கறையான் தாமதமாகும். கழிவு என்ஜின் எண்ணெயில் முக்குவது சிலரது பழக்கம். அது மண்ணையும் பக்கத்துப் பயிரையும் கெடுக்கும். காலுக்குக் கால் குறுக்காக ஒன்றரை அடிக்கு ஒன்று மூங்கில் வரிச்சு கட்ட வேண்டும்.

சுவரைக் காலோடு நேரே பிணைக்காமல், மூங்கில் சட்டத்தில் தனித் தட்டியாகச் செய்து பின்னர் நிறுத்திக் கட்டுவதே இப்பகுதிக்கு ஏற்றது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரை கடந்த வர்தா புயலில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியது. மையம் கடந்ததும் திசை மாறியும் வீசியது. ஒரு பக்கக் காற்றுக்கு மட்டும் முட்டுக் கொடுத்த எதுவும் அத்தகைய நாளில் நிற்பது அரிது. தட்டியாக இருந்தால் புயல் எச்சரிக்கை வந்தவுடன் அவிழ்த்துத் தரையில் படுக்கவைத்து மண்மூட்டை ஏற்றிவிடலாம். வெறுங்கால்களைக் காற்று ஊடுருவிப் போய்விடும். தகரத் தட்டியாயின் இது இன்னும் அவசியம். பறக்கும் தகரம் அரிவாளுக்கு ஒப்பானது. எச்சரிக்கை நாளில் காவலுக்கும் எவரும் போகக் கூடாது.

ஓலையைக் கீழ் வரிசையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வேய வேண்டும். நுனி கீழ்நோக்கித் தொங்க, மேல் வரிசை கீழ் வரிசையைப் பாதியளவு மூடட்டும். தகட்டைக் காற்று வரும் திசைக்கு எதிர் முனையிலிருந்து வைத்துக்கொண்டு வந்தால், ஏறும் விளிம்புகள் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். இங்கு ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் வடகிழக்கிலிருந்தும், கோடையில் பிற்பகல் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்தும் வருகின்றன. ஆகவே கிழக்கும் வடக்கும் ஓலையும் வலையும். தகடு வைக்க விரும்பினால் மேற்கிலும் தெற்கிலும் வைக்கலாம். வயல் மேற்கே இருந்தால் முன்பக்கம் ஓலை என்ற விதியே முந்தும். அப்போது தகட்டைத் தெற்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனிப் பிணைப்பு. இப்பகுதியில் சுவர் கெடுவதற்குமுன் ஆணி கெடுகிறது. சாதாரண இரும்பாணி துருப்பிடித்துப் பருத்து மூங்கிலைப் பிளக்கிறது. பின் தலை உதிர்ந்து தகடு ஆடத் தொடங்குகிறது. ஆடும் தகடு தன் துளையைத் தானே பெரிதாக்கிக்கொண்டு முதல் பெருங்காற்றில் கிளம்பிவிடும். கட்டுக்கம்பியும் அப்படியே. ஓலைக்கும் தட்டிக்கும் தென்னங்கயிறே போதும். உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்தே திரிக்கப்படும் அக்கயிற்றை உப்பு அசைப்பதில்லை. நைலான் கயிறு வலிமையானதுதான். ஆனால் வெயிலில் வெளிறிப் பொடியும்போது வெளியே தெரிவதில்லை. தகட்டுக்கு ரப்பர் வாஷருடன் கூடிய துத்தநாகம் கனமாகப் பூசிய திருகாணியை, இயன்றால் துருப்பிடிக்கா எஃகுத் திருகாணியைப் பயன்படுத்துக. நெளித்தகடாயின் கூரையில் மேட்டிலும், சுவரில் பள்ளத்திலும் திருக வேண்டும். பள்ளத்தில் தகடு சட்டத்தோடு ஒட்டி நிற்பதால் அதிர்வு குறையும். துளையிட்ட விளிம்பிலும் வெட்டிய விளிம்பிலும் உடனே ரெட் ஆக்சைடு தடவ மறக்கக் கூடாது.

பார்வைத் துளையும் மறைவும்

கட்டிலில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தில் ஒரு சாண் உயரமும் மூன்றடி நீளமுமாக முன்பக்கத்தில் ஒரு திறப்பு விடவும். மேலே கீலிட்ட ஓலை மூடி ஒன்று தொங்கட்டும். எதிர்ச் சுவரில் அதே உயரத்தில் திறப்பு வைப்பது பலரும் செய்யும் பிழை. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் உள்ளே இருப்பவரின் நிழலுருவம் மயிலுக்கும் பன்றிக்கும் துலக்கமாகத் தெரியும். பின்சுவர் முழுதும் மூடி உள்ளே இருட்டாக இருந்தால், வெளியிலுள்ளது நமக்குத் தெரியும். நாம் வெளியே தெரியமாட்டோம். பறவையை விரட்டுவதற்குமுன் எந்த வழியாக இறங்குகிறது என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டால் பிறகு விரட்டுவது எளிது. புதுத் தகடு பளபளப்பதால் மங்கிய பச்சை அல்லது மண் நிறம் அடிக்கலாம். சாதாரணப் பெயிண்ட் புதுத் துத்தநாகத்தின்மேல் ஒட்டாது உரியும். அதற்குரிய பிரைமரை முதலில் அடிக்க வேண்டும்.

உள்ளே உறங்குபவர்

ஓலைச் சுவருக்குப் பெரும்பகை தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக்கூரை பற்றிக்கொண்டதில் 94 குழந்தைகள் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. சமையல் குடிலுக்கு வெளியே, காற்று அடிக்கும் திசைக்கு மறுபுறம், இருபதடி தள்ளியே நடக்கட்டும். சிம்னி விளக்குக்குப் பதில் பேட்டரி விளக்கு, கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை, பீடி வெளியே. இவ்வளவுக்குப் பின்னும் ஒரு முன்னேற்பாடு தேவை. வாயிலுக்கு எதிர்ப்பக்கத் தட்டிகளில் ஒன்றை, ஓலைத் தட்டியாகவே, உருவு முடிச்சுப் போட்டு மட்டும் நிறுத்துங்கள். உள்ளிருந்து உதைத்தால் விழ வேண்டும். தகடு அடித்த பக்கத்தில் இது இயலாது. நான்கு பக்கமும் தகடு அடித்து ஒற்றை வாயில் வைத்த குடில் காவலாளுக்குப் பொறியாகிவிடும்.

சுவரின் அடியில் அரையடி இடைவெளி விட்டால் நீர்த்தெறிப்பும் கறையானும் குறையும் என்பது உண்மை. ஆனால் அந்த வழியே பாம்பும் வரும். இரவில் நடமாடும் கட்டுவிரியன் தரையில் படுத்திருப்போரையே பெரும்பாலும் கடிக்கிறது. கடித்தது வலிக்காததால் பலர் அறிவதுமில்லை. அடி இடைவெளியை மூடுவதைவிட, தரையில் படுப்பதை விடுவதே சரியான பரிகாரம். கட்டிலோ, இரண்டரை அடி உயரத்தில் மூங்கில் பரணோ போட்டு, கொசுவலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிப் படுக்கட்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன் கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, நைந்தவற்றை மாற்றிக் கட்ட வேண்டும். இறவாரத்தின் அடியில் துரு தோன்றிய இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசவும். நவரை அறுவடை முடிந்ததும் தட்டிகளைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்தால் அடுத்த பட்டத்துக்கும் உதவும். உளுத்த ஓலையை எருக்குழியில் போடலாம். போடுமுன் வலை இழைகளை ஒன்றுவிடாமல் பிரித்தெடுத்துவிட வேண்டும். இல்லையெனில் எருவோடு வயலுக்குப் போய் உழவின்போது கலப்பையில் சுற்றிக்கொள்ளும்.